அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையில்

பகலில் தணிகை ஓட்டுகிறான்.
இரவு எனக்கு.
ஏறியதும் இருக்கையை நான்கு பல் முன்னால் இழுப்பேன்.
காலையில் அவன் நான்கு பல் பின்னால் தள்ளுவான்.
வாரத்தில் எங்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தை
ஏறக்குறைய இவ்வளவுதான்.

"நடுங்குது" என்றேன்.
"ஒன்னுமில்ல" என்றான்.

சீட்டு எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்:
அறுபதிலிருந்து எண்பது. மிதித்தால் மட்டும்.
மாலையில் அதற்குக் கீழே அவன் கையெழுத்து:
டயருக்குக் காற்று அடித்தாச்சு.

பிறகு நாற்பது வெள்ளிக்கு வீல் பேலன்சிங்.
பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்.
பிறகு, யாரும் கேட்காமலேயே,
புது சீட் கவர்.

லோயாங்கில் ஏறிய விமானப் பணிப்பெண்
உதட்டுச்சாயத்தைத் திறந்தாள்,
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்,
மூடிப் பையில் போட்டுக்கொண்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தாள்.

அன்று விடிகாலை மூன்று மணிக்கு
ஒரு கோப்பி ஓ கோசோங், பையில் கட்டி.
கியர் கம்பியில் மாட்டிக்கொண்டு
ஆளில்லாத தீவு விரைவுச்சாலையில்
எனக்கு நானே பயணி.
எண்பதில் சீராகப் போனால்
பைக்குள் கோப்பி கருங்கல்.
காலை எடுத்தால், அப்போதும் கருங்கல்.
மிதித்தால்
வட்டம் வட்டமாய் உடைந்தது.
ஸ்டியரிங்கில் ஏதும் இல்லை.
இடுப்புக்குக் கீழே, பக்கவாட்டில்,
யாரோ இல்லை இல்லை என்று
தலையாட்டுவதைப் போல.

சிவப்பு விளக்கில் பிரேக்கை அழுத்தி
கியரை டி-யிலேயே விட்டு
ஏர்கானை முழுதாகத் திருப்பினேன்.
அமைதி.
எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள்மேல் பழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காக்கி புக்கிட், மூன்றாவது தளம்.
"தாயார் ஓகே, காக்" என்றார் ஹைரூல்.
அவர் மொழியில் டயருக்கு அதுதான் பெயர்.
நான்கு தாயாரும் நலம் என்று கேட்டும்
எனக்கு நிம்மதி இல்லை.

மூவரும் ஓட்டிப் பார்க்கப் போனோம்.
முதலில் தணிகை.
தூங்கும் பிள்ளைக்குப் போர்வை இழுப்பதைப் போல
பெடலில் கால் வைப்பவன்.
பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தே களைத்தது.
எண்பதைத் தொட
யூனோஸ் தாண்ட வேண்டியிருந்தது.
கோப்பி அசையவில்லை.
பார்த்தியா என்றது அவன் பிடரி.

அடுத்து நான்.
நுழைசாலையில் அழுத்தினேன்.
பை ஆடியது, கண்ணாடி ஆடியது,
கண்ணாடிக்குள் ஹைரூலின் முகம் இரண்டாகி
ஒன்றானது.
"இழுக்கும்போதுதான் காட்டும்" என்றார்.
"அபாங் அதை இழுக்கவே விடல."

காரைத் தூக்கினார்கள்.
உள்மூட்டின் ரப்பர் உறை கிழிந்து
கிரீஸ் சுற்றிலும் தெறித்துக் காய்ந்திருந்தது.
தண்டை உருவி, துடைத்து,
கிண்ணத்தை விளக்கடியில் நீட்டினார்.
மூன்று உருளைகள் ஓடி ஓடித்
தேய்த்த தடம்.
நகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார்.
என் நகம் மாட்டியது.
தணிகையும் வைத்துப் பார்த்தான்.
எடுக்கவில்லை.

"எவ்வளவு நாளா?"
ஹைரூலிடம்தான் கேட்டான்.
அவர் கையைத் துடைத்துக்கொண்டே
என் பக்கம் முகத்தைக் காட்டினார்.
"ஏழு மாசம்" என்றேன்.

முந்நூற்று இருபது வெள்ளி.
சி.ஓ.இ. முடியப் பதினான்கு மாதம்.
மாதத்துக்கு இருபத்திரண்டு எண்பத்தைந்து என்று
கைப்பேசியில் வகுத்து என்னிடம் காட்டினான்.
நான் கேட்கவில்லை.

திரும்பும்போது அவன்தான் ஓட்டினான்.
நுழைசாலை வளைவு முடிந்ததும்
அவன் கால் இறங்கியது. முழுதாக.
பதினோரு வருடத்தில் நான் பார்த்திராத கால்.
அறுபது. எழுபது.
ஆறிப்போன கோப்பியைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தேன்.
எண்பது.
கருங்கல்.

"ஒன்னுமில்ல" என்றான்,
அன்றைக்குச் சொன்ன
அதே குரலில்.